பாட்காஸ்ட் ஹோஸ்டிங்: ஓசியில் எதுவரை ஓட்டலாம், எங்கே காசு கொடுக்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தமிழில் புதிதாகப் பாட்காஸ்ட் தொடங்குகிறவர் முதல் நாளே ஹோஸ்டிங்குக்குக் காசு கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டுப் பேசப் பழகுங்கள், கேட்கிறவர் காதில் விழுவது அதுதான். ஆனால் ஓசி என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே ரகம் இல்லை. சில ஓசிச் சேவைகளில் வருடக்கணக்காக ஓட்டலாம், சிலது மூன்றே மாதத்தில் பல்லிளித்துவிடும். எது எந்த ரகம் என்று பல சேவைகளில் கணக்குத் திறந்து, எபிசோடுகளை ஏற்றி, மாற்றி, மூடிப் பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறேன்.

ஹோஸ்டிங் நிறுவனம் செய்கிற வேலை இரண்டுதான். உங்கள் எம்பி3 கோப்பைத் தன் சர்வரில் வைத்துக்கொள்கிறது, அந்தக் கோப்புகளின் பட்டியலை ஆர்.எஸ்.எஸ். ஃபீடு என்கிற ஒரு முகவரியில் வெளியிடுகிறது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் போன்ற ஆப்கள் அந்த ஃபீடை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் கேட்பவருக்குக் காட்டும். ஆப்பிள் உங்கள் கோப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, உங்கள் ஹோஸ்டிடமிருந்துதான் அது நேராகக் கேட்பவரின் போனுக்குப் போகிறது. 2004இல் லிப்சின் என்ற நிறுவனம் இந்தத் தொழிலைத் தொடங்கி, 2005 ஜூனில் ஆப்பிள் ஐட்யூன்ஸுக்குள் பாட்காஸ்ட்டைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதேதான். மிச்சமெல்லாம், அதாவது அழகான டாஷ்போர்டு, ஏஐ தலைப்பு, ஒலியைச் சரிசெய்யும் பொத்தான், எல்லாம் மேல்பூச்சு.

அதனால் ஒரு ஹோஸ்டைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது விலையை இல்லை. நாளைக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டுமென்றால் என் ஃபீடை இன்னொரு இடத்துக்குத் திருப்பிவிட வழி இருக்கிறதா என்பதைத்தான். போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றுகிறோமே, அந்த மாதிரி. பழைய ஃபீடைத் திறக்கிற ஆப்பை 301 என்கிற நிரந்தரத் திருப்பல் புது ஃபீடுக்கு அனுப்பிவிடும், கேட்பவருக்கு எதுவும் தெரியாது, பின்தொடர்கிறவர்கள் அப்படியே இருப்பார்கள். இந்தத் திருப்பலைக் குறைந்தது நான்கு வாரமாவது வைத்திருக்கச் சொல்கிறது ஆப்பிள். நான் ஆறு மாதமாவது வைக்கச் சொல்வேன், ஏனென்றால் நம் ஆட்கள் ஓர் ஆப்பை ஒரு பயணத்தில் திறந்தால் அடுத்து தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில்தான் திறப்பார்கள். திருப்பல் தராத ஹோஸ்ட் எவ்வளவு ஓசியாக இருந்தாலும் வேண்டாம். பிரபலமான சேவைகள் எல்லாமே தருகின்றன, சிக்கல் பெரும்பாலும் யாரும் கேள்விப்படாத புதுக் கம்பெனிகளிடம்தான்.

சரி, ஓசிக்கு வருவோம். ஓசி என்றாலே எல்லோரும் கைகாட்டுவது ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ். ஆங்கர் என்ற பெயரில் தனியாக இருந்ததை 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை வாங்கியது, 2023இல் ஸ்பாட்டிஃபை ஃபார் பாட்காஸ்டர்ஸ் என்று பெயர் மாற்றியது, 2024 நவம்பரில் இப்போதைய பெயர். ஆறு வருடம் முடிவதற்குள் மூன்று பெயர். பெயரை விட்டுத்தள்ளுங்கள், சேவை எப்படி என்றால், உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே இருக்கிறது. மாதத்துக்கு இவ்வளவு நேரம்தான், இத்தனை எபிசோடுதான், இத்தனை பேர்தான் கேட்கலாம் என்ற எந்தக் கணக்கும் இல்லை. இரண்டு மணி நேர நேர்காணலையும் ஏற்றலாம், அஞ்சு நிமிஷத் துணுக்கையும் ஏற்றலாம். போனிலிருந்தே ஏற்றலாம். காசு கேட்காது, உங்கள் எபிசோடுகளை அழிக்காது. ஒரு கிராமத்து ஆசிரியர் தன் மாணவர்களுக்குப் பாடம் பேசிப் போடுகிறார் என்றாலோ, ஒருவர் தன் பாட்டியின் கதைகளைப் பதிந்து வைக்கிறார் என்றாலோ இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, அங்கே புது நிகழ்ச்சி தொடங்கினால் அது ஸ்பாட்டிஃபைக்குள் மட்டும்தான் வெளியாகும், ஆர்.எஸ்.எஸ். ஃபீடு தானாகத் திறந்திருக்காது. அமைப்புகளுக்குள் போய் நீங்களே அதை இயக்க வேண்டும், இயக்கிய பிறகு ஆப்பிளுக்கும் அமேசான் மியூசிக்குக்கும் அந்த முகவரியை நீங்களேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இது தெரியாமலே, தன் பாட்காஸ்ட் எல்லா இடத்திலும் வருகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். எனவே தொடங்கிய அன்றே ஃபீடைத் திறந்து, அதில் உங்கள் சொந்த மின்னஞ்சல் தெரியும்படி வைத்து, மற்ற ஆப்களில் பதிவு செய்துவிடுங்கள். நிகழ்ச்சி உங்களுடையதுதானா என்று சோதிக்கிற இடங்கள் பலவும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் ரகசிய எண்ணை அனுப்புகின்றன. அதைச் செய்து முடித்த பிறகு மின்னஞ்சலை மறைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ‘உங்கள் நிகழ்ச்சியை நம்பர் ஒன் ஆக்குகிறோம்’ என்று தினமும் யாராவது எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று, ஓசியில் தருகிறவர் எதை எப்போது எடுத்துக்கொள்வார் என்று நம்மால் கேட்க முடியாது. பேச்சுக்கு நடுவே முழுப் பாட்டைக் கோக்க உதவிய மியூசிக் பிளஸ் டாக் என்ற வசதி இருந்தது, பழைய பாடல்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். 2024இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் உள்ளேயே பதிவு செய்கிற கருவிகளையும் எடுத்துவிட்டு ரிவர்சைடு என்ற வேறொரு நிறுவனத்தின் பக்கம் கைகாட்டினார்கள். அவர்கள் கம்பெனி, அவர்கள் இஷ்டம். வருமானம் தரும் பார்ட்னர் திட்டத்தை 2025 ஜனவரியில் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா நான்குக்கும்தான் முதல் பந்தி, இந்தியா அதில் இல்லை. ஆக, ‘ஓசியில் தொடங்கு, காசு தானாக வரும்’ என்று யாராவது வீடியோ போட்டால் அவர் எந்த நாட்டில் உட்கார்ந்து பேசுகிறார் என்று பாருங்கள்.

அடுத்த ரக ஓசியின் நோக்கமே உங்களைக் கட்டணத்துக்கு நகர்த்துவது. பஸ்ஸ்பிரௌட்டின் இலவசத் திட்டம் மாதம் 2 மணி நேரம் ஏற்ற அனுமதிக்கிறது, ஆனால் ஒவ்வொரு எபிசோடும் 90 நாள்தான் இருக்கும், அப்புறம் போய்விடும். அமெரிக்கச் செய்தி நிகழ்ச்சி நடத்துகிறவருக்கு இது பரவாயில்லையாக இருக்கலாம், மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தியை யார் கேட்கப்போகிறார்கள். நம் ஊரில் கேட்கப்படுவது வேறு. தொடர்கதை வாசிப்பு, சங்கப் பாடல் விளக்கம், கோயில் வரலாறு, சமையல், பங்குச்சந்தைப் பாடம், இதெல்லாம் ஆள் இன்றைக்குக் கண்டுபிடித்து முதல் பகுதியிலிருந்து கேட்டு வருகிற சமாச்சாரம். சரித்திரக் கதையின் ஐம்பதாவது அத்தியாயம் வெளியாகும்போது முதல் பத்து அத்தியாயம் காணாமல் போயிருந்தால் புதிதாக வருகிறவர் என்ன செய்வார்? போய்விடுவார். தமிழ்ப் பாட்காஸ்ட்டுக்கு 90 நாள் ஓசி என்பது உதவாத ஓசி, அந்தச் சேவை மற்றபடி எவ்வளவு நன்றாக இருந்தாலும். நன்றாகத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம், அதற்குக் கீழே வருகிறேன்.

பாட்பீன் வேறு மாதிரி வேலி போடுகிறது. எபிசோடை அழிப்பதில்லை, ஆனால் இலவசக் கணக்கில் மொத்தமே 5 மணி நேரம்தான் வைக்கலாம், மாதத்துக்கு 100 ஜிபி வரைதான் கேட்பவர்களுக்கு அனுப்பும். வாரம் ஒரு 40 நிமிட எபிசோடு போட்டால் ஏழாவது எபிசோடோடு 4 மணி 40 நிமிடம் ஆகிவிடும், எட்டாவதற்கு இடமில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் கதவு சாத்தப்படுகிறது என்று அர்த்தம். அந்த 100 ஜிபியைப் பற்றி மட்டும் பயப்பட வேண்டாம், கணக்கு போட்டால் தெரியும். 128 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) தரத்தில் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 40 நிமிடம் 38 எம்பி, 100 ஜிபியில் அதை இரண்டாயிரத்து ஐந்நூறு முறைக்கு மேல் இறக்கலாம். வெறும் பேச்சுதான், இசை இல்லை என்றால் மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், 64 கேபிபிஎஸ் போதும், கோப்பு பாதியாகும், கேட்பவரின் டேட்டாவும் மிச்சம். ஆறு எபிசோடில் முடிகிற சின்னத் தொடர் வைத்திருக்கிறவருக்கு, உதாரணமாக ஒரு நூல் அறிமுகம் அல்லது ஒரு கல்லூரி வேலைக்கான தொகுப்பு, பாட்பீன் ஓசி நேர்த்தியாகப் பொருந்தும். நீளமாக ஓட்டப்போகிறவருக்கு இல்லை.

கூடவே விளம்பரம். சில இலவசச் சேவைகள் உங்கள் எபிசோடில் தங்கள் விளம்பரத்தைச் செருகும் உரிமையைக் கேட்கும். திருக்குறள் உரைக்கு முன்னால் கிரிக்கெட் பந்தய ஆப் விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு நிஜச் சிக்கல் இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் உங்கள் ஃபீடு முகவரியைக் கொடுத்தால் அது ஒவ்வொரு எபிசோடையும் அட்டைப்படத்தோடு வீடியோவாக ஆக்கி ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஃபீடின் ஒலிக்குள் இப்படிச் செருகிய விளம்பரம் இருக்கக் கூடாது என்பது அவர்களின் விதி. நீங்களே பேசுகிற ஸ்பான்சர் அறிவிப்பு இருக்கலாம், அதை இருக்கிறது என்று குறித்துக் காட்ட வேண்டும். தமிழ் கேட்பவர்களில் பெரும் பங்கு யூடியூபில்தான் இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அந்தக் கதவை அடைத்துவிட்டு ஓசி ஹோஸ்டிங் எதற்கு? கணக்குத் தொடங்கும்போதே விளம்பரம் பற்றிய வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இனி காசு கொடுக்கிற பக்கம். டாலரில் விலையைப் பார்த்துவிட்டு உடனே பெருக்காதீர்கள், வேறு செலவுகளும் உண்டு. கார்டுக்கு வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அதற்கு மேல் வரி. சில நிறுவனங்கள் இந்திய முகவரி கொடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்க்கும். யுபிஐ வெளிநாட்டு ஹோஸ்ட்களிடம் பொதுவாக எடுபடாது. இதையெல்லாம் தாண்டிய தலைவலி தானியங்கிப் புதுப்பித்தல். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, மாதாமாதம் கார்டிலிருந்து தானாக எடுக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே மேன்டேட், அதாவது தானாக எடுத்துக்கொள்ள நீங்கள் தரும் அனுமதி, பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் வர வேண்டும். நல்ல விதி, நம்மைக் காப்பாற்றுகிற விதி, ஆனால் இதற்குத் தயாராகாத வெளிநாட்டுச் சின்ன நிறுவனங்களிடம் முதல் மாதம் பணம் போகும், இரண்டாம் மாதம் கார்டு மறுக்கும்.

எனக்கும் அது நடந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. புதுப்பிக்கும் நாளில் கார்டு மறுக்கப்பட்டது, நினைவூட்டல் மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போனது, அப்புறம் ஃபீடை நிறுத்திவிட்டார்கள். ஸ்பாட்டிஃபையில் நிகழ்ச்சியின் பெயர் மட்டும் இருக்கிறது, எபிசோடுகள் இல்லை. கேட்பவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘என்ன சார், கடையை மூடிட்டீங்களா’ என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. வேறொரு கார்டில் கட்டியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, கோப்புகள் எதுவும் போகவில்லை. ஆனால் உதவிக் குழுவுக்கு இந்திய மேன்டேட் என்றால் என்னவென்றே தெரியவில்லை, ‘உங்கள் வங்கியைக் கேளுங்கள்’ என்பதையே வேறு வேறு வார்த்தையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கட்டணச் சேவையில் யாரும் முதலில் யோசிக்காதது இதுதான். பெரும்பாலான இடங்களில் காசு நின்றால் ஃபீடும் நின்றுவிடும். ஓசி ஸ்பாட்டிஃபையில் நீங்கள் ஆறு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் பழைய எபிசோடுகள் இருக்கும். இரண்டு வருடம் ஓட்டிவிட்டு நிறுத்தப்போகிறேன், ஆனால் எபிசோடுகள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், நிறுத்துகிற நாளில் கட்டண ஹோஸ்டிலிருந்து ஓசிக்குத் திருப்பல் போட்டு நகர்த்திவிடுவது நல்லது. ஓசியிலிருந்து கட்டணத்துக்குப் போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எதிர்த்திசையும் உண்டு.

எந்தக் கட்டணச் சேவை? விலைகள் அடிக்கடி மாறும், கட்டுவதற்கு முன் அவரவர் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது எந்தக் கம்பெனி எதை அளந்து காசு வாங்குகிறது என்பதை, அது விலையைவிட முக்கியம்.

பஸ்ஸ்பிரௌட் அளப்பது மாதத்துக்கு எத்தனை மணி நேரம் ஏற்றுகிறீர்கள் என்பதை. நீண்ட காலம் 12 டாலருக்கு 3 மணி நேரம் என்று இருந்தது, அதாவது ஆயிரம் ரூபாய்க்கு மேல். நான் தொட்டதிலேயே புழங்க எளிதான திரை இதுதான், அப்பா வயதுக்காரர் ஒருவருக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்துவிட முடிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிக் கட்டணம் என்பது மட்டும் இடிக்கும், இரண்டு நிகழ்ச்சி என்றால் இரண்டு பங்கு. ஒரே ஒரு நிகழ்ச்சி, மாதம் நான்கு எபிசோடு, கணினித் தலைவலி வேண்டாம் என்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

லிப்சின் அளப்பது மாதாமாதம் ஏற்றும் அளவை. பழைய எபிசோடுகள் அந்தக் கணக்கில் வராது. நீண்ட காலம் 5 டாலரில் தொடங்கியது, பெயர்பெற்ற ஹோஸ்ட்களில் மூத்தது அதுதான். முகப்பு பழைய அரசு இணையதளம் போல இருந்த காலமும் உண்டு, இப்போது தேவலாம்.

பாட்பீனின் கட்டணத் திட்டம் எதையும் அளப்பதில்லை. வருடமாகக் கட்டினால் மாதத்துக்கு 9 டாலர் கணக்கில் ஒலிக்கு வரம்பே இல்லை, மாதாமாதம் கட்டினால் 14. ஆயிரம் பக்க நாவலை வாசித்துப் பதிவேற்றுகிறவர்களுக்கு, நாள்தோறும் பேசுகிறவர்களுக்கு, மணி நேரத்தை அளக்கிற கம்பெனிகளைவிட இதுதான் கட்டுப்படியாகும். முகப்பில் அவர்களுடைய மற்ற வியாபாரங்களின் பொத்தான்கள் கொஞ்சம் அதிகம், நேரலை, நன்கொடை, அது இது என்று. பழகிவிடும்.

டிரான்சிஸ்டர் அளப்பது உங்கள் எபிசோடுகள் மாதத்தில் எத்தனை முறை தரவிறக்கப்படுகின்றன என்பதை. 19 டாலர் திட்டத்தில் 20,000 தரவிறக்கங்கள் வரை, அதற்குள் எத்தனை நிகழ்ச்சி வேண்டுமானாலும் ஒரே கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் வருகிறது, தனியாளுக்கு அதிகம்தான். ஆனால் நண்பர்கள் நாலு பேர் ஆளுக்கொரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள் என்றால் தலைக்கு நானூற்றுச் சொச்சம். தமிழில் 20,000 என்பது சாதாரண நிகழ்ச்சிகள் எளிதில் தாண்டுகிற எண் இல்லை, நாலு பேரையும் சேர்த்தாலும். கேப்டிவேட் என்ற பிரிட்டிஷ் சேவையும் இதே கணக்குதான், தரவிறக்கங்களை அளக்கும், நிகழ்ச்சிகளை எண்ணாது.

நானும் நண்பர்களும் போய்ச் சேர்ந்தது இந்த மாதிரிக் கூட்டுக் கணக்கில்தான். அதில் எனக்குப் பிடித்த விஷயம் விலை கூட இல்லை, பழைய எபிசோடுகள் எல்லாவற்றின் முன்னாலும் ஒரு சின்ன அறிவிப்பை ஒட்டி, வேண்டாதபோது கழற்றிவிட முடிவது. பல கட்டண ஹோஸ்ட்களில் இது உண்டு, எந்தத் திட்டத்தில் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது எங்களில் ஒருவர், சிறு பதிப்பாளர், ‘இந்த எண் அரங்குக்கு வாருங்கள்’ என்று முப்பது நொடி பேசி எல்லா எபிசோடுகளுக்கும் முன்னால் சேர்த்துவிடுவார், காட்சி முடிந்ததும் எடுத்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முந்தைய எபிசோடை அன்றைக்குக் கேட்கிறவர் காதிலும் அது விழும். இதை ஓசியில் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கோப்பையும் திரும்ப ஏற்ற வேண்டும், யார் செய்வது. கூட்டுக் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும், அவரோடு மனஸ்தாபம் வந்தால் எல்லா நிகழ்ச்சியும் அவர் கையில். எனவே மூல எம்பி3 கோப்புகள், அட்டைப்படம், எபிசோடு விளக்கங்கள் எல்லாவற்றையும் ஆளாளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓசியில் இருக்கிறவர்களுக்கும் இதேதான்.

கட்டணம் கட்டினால் நல்ல புள்ளிவிவரம் கிடைக்கும் என்று விற்பனைப் பக்கங்கள் சொல்லும். ஓரளவுக்கு. ஐஏபி என்ற இணைய விளம்பரத் துறை அமைப்பின் அளவுகோல்படி, ஒரே ஆள் ஒரே எபிசோடை 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை தொட்டாலும் ஒன்றுதான், குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும். இந்த அளவுகோலைப் பின்பற்றுகிற ஹோஸ்டில் எண் சின்னதாகத் தெரியும், பின்பற்றாத இடத்தில் பெரிதாகத் தெரியும், ஆள் அதே ஆள்தான். இரண்டு ஹோஸ்ட்களின் எண்களை ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 17 வந்தபோது தானியங்கித் தரவிறக்க முறையை ஆப்பிள் மாற்றியதும் உலகம் முழுக்கப் பெரிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையே இறங்கியது, கேட்பவர் யாரும் ஓடிப்போகவில்லை. எபிசோடு ஒருவர் போனில் தரவிறங்கியது என்றால் அவர் அதைக் கேட்டார் என்று அர்த்தமில்லை. ஒருவர் எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார் என்பதை ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் தங்கள் தங்கள் டாஷ்போர்டில் ஒரு வளைகோடாக இலவசமாகவே காட்டுகின்றன, நீங்கள் எங்கே ஹோஸ்ட் செய்தாலும். எனக்கு எப்போதும் உபயோகமானது அந்த வளைகோடுதான், அதற்குக் காசு தேவையில்லை. இன்னொரு விஷயம், வேறிடத்தில் ஹோஸ்ட் செய்துகொண்டு ஸ்பாட்டிஃபையில் வீடியோவையும் ஏற்றினால், அங்கே உங்கள் ஃபீடின் ஒலிக்குப் பதிலாக அந்த வீடியோவின் ஒலிதான் ஓடும், அந்தக் கேட்புகள் உங்கள் ஹோஸ்டின் கணக்கில் வராது. ஸ்பான்சருக்கு எண்ணைக் காட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எந்தச் சேவையானாலும் மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், ஆங்கிலம் என்று ஏற்கெனவே நிரப்பிக் கிடக்கும். முன்னிசைக்கு சினிமாப் பின்னணி இசையைப் போடுவதும் வேண்டாம், உரிமையாளர் புகார் கொடுத்தால் ஓசி, கட்டணம் என்ற வித்தியாசமே இல்லாமல் எபிசோடு போய்விடும்.

சொந்தமாகவே ஹோஸ்ட் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். வேர்ட்பிரஸ் தளம் இருந்தால் பிளப்ரி நிறுவனத்தின் பவர்பிரஸ் என்ற இலவசப் பிளகின் ஃபீடைத் தயாரித்துவிடும், காஸ்டோபாட் என்ற கட்டற்ற மென்பொருளைச் சர்வரில் நிறுவினால் முழு ஹோஸ்டிங் நிறுவனமே உங்கள் கையில். ஒலிக்கோப்புகளை மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஓசியில் வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 2024 அக்டோபரில் அந்தத் தளம் இணையத் தாக்குதலில் நாள்கணக்கில் முடங்கியது, அங்கே கோப்பு வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சிகளும் ஊமையாகத்தான் கிடந்திருக்கும். பலர் ஒரே சர்வரைப் பங்கிட்டுக்கொள்கிற மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் கோப்பை வைத்தால் இன்னொரு தொல்லை, ஒரு கோப்பை நடுவிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டால் தருகிற வசதி சர்வரில் இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள், அது இல்லாத இடங்களும் உண்டு. சர்வரை நோண்டுவது பிடிக்கும் என்றால் இறங்குங்கள். பேசுவதுதான் பிடிக்கும் என்றால் வேண்டாம், வார இறுதிகள் போய்விடும்.

இதில் கிடைக்கிற ஒரு நன்மையை மட்டும் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு டொமைன் பெயர், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி, வாங்குவது. ஹோஸ்ட் எதுவானாலும், அட்டைப்படத்திலும் எபிசோடு முடிவிலும் அந்த முகவரியையே சொல்லுங்கள், ‘ஸ்பாட்டிஃபையில் தேடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸை மூடினார்களே, ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்த நம் கேட்பவர்கள் நிறையப் பேர் அதில்தான் இருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஸ்டிச்சர் என்ற இன்னொரு பாட்காஸ்ட் ஆப் மூடியது. ஃபீடும் சொந்த முகவரியும் வைத்திருந்தவர்களுக்கு ஓர் ஆப் போனது, அவ்வளவுதான். ‘கூகுள் பாட்காஸ்ட்ஸில் கேளுங்கள்’ என்று ஒவ்வொரு எபிசோடிலும் சொல்லி வைத்தவர்களின் குரல் இன்னும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறது.

கட்டணத்துக்குப் போவதென்று முடிவெடுத்தால் முதல் மூன்று மாதம் மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பாருங்கள். வருடமாகக் கட்டினால் இரண்டு மாதம் மிச்சம் என்று டிரான்சிஸ்டர் உட்படப் பலரும் ஆசை காட்டுவார்கள், உங்கள் கார்டு இரண்டாம் மாதம் வேலை செய்கிறதா என்று தெரிந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம். கார்டு வம்பு செய்கிறது என்றால் அப்போது வருடக் கட்டணமே நல்லது, தலைவலி வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். நாங்கள் அப்படித்தான் கட்டுகிறோம். புதுப்பிக்கும் வாரத்தில் இந்த வருடம் யார் கார்டு என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்து நடக்கும், பதிப்பாளர் அன்றைக்கு மட்டும் ஆன்லைனில் வரமாட்டார்.